கடைசி சீட் வரை

முதன்முதலில் அது வந்தது பஸ்ஸின் நடுவில்.

நான் துபாயில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். மாலையில் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வண்டியை யார்டில் நிறுத்தி எஞ்சினை அணைத்தால், உடனே ஒரு அலாரம் கத்தத் தொடங்கும். அதை முன்னாலிருந்து நிறுத்த முடியாது. வண்டியின் கடைக்கோடியில் ஒரு பட்டன் இருக்கிறது. டிரைவர் எழுந்து, ஒவ்வொரு சீட்டையும் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசி வரை நடந்து, அதை அழுத்தினால்தான் வாயை மூடும். ஏதாவது ஒரு பிள்ளை தூங்கிப்போய் உள்ளேயே கிடந்தால், இந்த வெயிலில் பூட்டிய பஸ் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக வந்த விதி.

பல வருடமாக நடக்கிற நடைதான். அன்று பாதியில் நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிந்தது போல இருந்தது. கை மரத்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. அலாரம் பாட்டுக்குக் கத்துகிறது. சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் புஷ்பம் கீழே நின்றிருந்தாள். வவுனியாக்காரி. ஓடி வந்தாள்.

"என்ன அண்ணே, முகமெல்லாம் வெளிறிப் போச்சு. இருங்கோ, தண்ணி தாறன்."

"ஒண்ணுமில்ல புஷ்பம். மத்தியானம் கேம்ப் மெஸ்ஸுல சாம்பார் சாப்ட்டேன்."

எனக்கு இது ஒரு வியாதி. செத்தாலும் பாடையில் படுத்துக்கொண்டு ஒரு ஜோக் அடித்துவிட்டுத்தான் போவேன் என்று என் மனைவி சொல்லுவாள். அன்று அதற்கு ஒத்திகை பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

இதை எழுதுவது, காரணமில்லாமல் நெஞ்சு அடைக்கிறவர்களுக்காக. காரணம் இருக்கும். ஏழாயிரம் மைலுக்கு அப்பால்கூட இருக்கும்.

கிளினிக்கில் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். டிரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். டாக்டர் திருச்சூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னப் பெண்.

"சேட்டா, ஹார்ட்டுக்கு ஒரு குழப்பமும் இல்ல. கேஸ் டிரபிள் ஆயிருக்கும்."

சந்தோஷமாகத் திரும்பினேன். மறுநாள் அதே நேரம், அதே நெஞ்சு. அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமை இங்கே பள்ளி பகலோடு முடிந்துவிடும். நான் ரூமில் கட்டிலில் படுத்துக் கிடந்தேன். பஸ்ஸும் இல்லை, அலாரமும் இல்லை. சாயங்காலம் நாலு மணி ஆனதும் வந்தது. சனி, ஞாயிறு வரவே இல்லை.

பிறகு நவம்பரில் அது ஐந்து மணிக்கு மாறியது. இதைச் சொன்னபோதுதான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு மணிக்கூர் தள்ளிப் போச்சா? தானாகவா?"

"ஆமா டாக்டர். டியூட்டி மாத்திக்கிட்ட மாதிரி."

"சேட்டனுக்கு வெளிநாட்டில் ஆராவது உண்டா?"

"நானே வெளிநாட்டுலதான டாக்டர் இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். ஜோக் அடிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், பேத்தி தியா அங்கே ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள் என்றேன்.

"அங்கே ஸ்கூல் எப்போ துடங்கும்?"

காலை எட்டு மணி. இங்கே சாயங்காலம் நாலு. நவம்பரில் அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதன்பின் இங்கே ஐந்து. நான் வாய்விட்டுக் கணக்குச் சொல்லிக்கொண்டே போய், பாதியில் நிறுத்திவிட்டேன். என் நெஞ்சு ஸ்கூல் பெல்லுக்குச் சரியாக அடித்துக்கொண்டிருந்தது.

பேனிக் அட்டாக் (ஆபத்து எதிரில் இல்லாதபோதும், இருப்பதாக உடம்பு நம்பி எழுப்பும் கூக்குரல்) என்று எழுதினார்.

நடந்தது இதுதான். செப்டம்பரில் ஒரு நாள், பிள்ளைகளை உள்ளே வைத்தே தியாவின் ஸ்கூலைப் பூட்டினார்கள். பக்கத்து ஸ்கூலில் ஒரு பையன் பையில் துப்பாக்கியோடு வந்திருக்கிறான். அவன் அப்பாவின் துப்பாக்கி, மேசை டிராயரில் பூட்டாமல் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது தெரிவதற்குள் பல மணி நேரம் போனது. என் மகள் முத்துலட்சுமி மற்ற தாய்தகப்பன்மாரோடு தெருமுனையில் போலீஸ் கட்டிய நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். நான் போனைப் பார்த்துக்கொண்டு ரூமில் நின்றேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு வீடியோவில் தியா வந்தாள். ஐந்து வயது.

"தாத்தா, லைட் ஆஃப் பண்ணுங்க. மூலைல உக்காருங்க. ஷ்ஷ். பேசக் கூடாது."

நானும் விளையாட்டு என்று கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் போய் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

"குட். நான் பேசவே இல்ல. மிஸ் எனக்கு ஸ்டிக்கர் குடுத்தாங்க."

சட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் நட்சத்திரத்தைக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் என் உடம்பு கெட்டது.

டாக்டர் ஒரு சின்ன மாத்திரையும், மூச்சை எண்ணி விடும் பயிற்சியும், மனம்விட்டுப் பேசுவதற்கு ஒரு மனநல ஆலோசகரையும் கொடுத்தார். செய்தி வீடியோக்களைப் பார்க்கக் கூடாது என்றார். கடைசியாகக் கேட்டார்: "ராத்திரி உறக்கம்?"

அதுதான் நான் மறைத்து வைத்திருந்தது. தியா ஸ்கூலிலிருந்து வெளியே வரும்போது இங்கே நடுநிசி நெருங்கிவிடும். நான் விடியுமுன் எழுந்து வண்டி எடுக்க வேண்டும். 'வந்துட்டா' என்று மகள் அனுப்பும் ஒரு சொல்லுக்காக விழித்துக் கிடப்பேன். வந்த பின்னும் தூக்கம் வராது.

"ஈ உறக்கத்தில் பஸ் ஓட்டறீங்களா?"

அந்தக் கேள்வியில் எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. யாரோ ஒரு பையன் என் பேத்திக்கு ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே நாற்பது வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஆபத்து நான்தான்.

எங்கள் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் பெஷாவர்க்காரர். கான் பாய் என்போம். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சொன்னேன். அவர் மேசையைத் தட்டி, "சாபி இதர் ரக்கோ" என்றார். சாவியை இங்கே வை. வைத்தேன். அவ்வளவுதான் என்று திரும்பினேன்.

"கிதர் ஜாத்தா ஹை? எங்கே போகிறாய்? டாக்டர் சரி சொல்லும்வரை யார்டில் டயர் பார். டயருக்குத் தூக்கம் தேவையில்லை" என்று இந்தியில் சொன்னார். எனக்குப் போட்டியாக இன்னொரு ஜோக்கர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

இதே நிலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது படித்தால், முதலில் சாவியை வைத்துவிடுங்கள். மாத்திரை எல்லாம் அப்புறம்.

அங்கே முத்து வேறு வைத்தியம் தொடங்கியிருந்தாள். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று ஊர் கவுன்சில் விதி போடக் கேட்டு, அந்தத் தெரு அம்மாக்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு தீர்மானம்: பிள்ளையை ஒரு வீட்டுக்கு விளையாட அனுப்புமுன், அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

"யப்பா, வெளையாட வாங்கன்னு ஆசையா கூப்புடுதாங்க. அவங்ககிட்டப் போயி எப்படிக் கேக்க? வாயே வர மாட்டேங்கு."

"நம்ம ஊர்ல வாசல்லயே நின்னு, நாய் கடிக்குமான்னு கேட்டுட்டுத்தான உள்ள போவோம்? அதையும் இதையும் சேத்துக் கேளு."

அப்படியே கேட்டாளாம். நாய் இருக்கா, துப்பாக்கி இருக்கா. எதிர் வீட்டு அம்மா, நாய் கடிக்காது, துப்பாக்கி பூட்டி இருக்கிறது என்றாளாம். அதுவரை துப்பாக்கி இருப்பதே முத்துவுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் எனக்கு இரண்டு தடவை வந்தது.

பிறகு ஊர்வலம் என்றாள். ஸ்கூல் வாசலிலிருந்து கவுன்சில் வாசல் வரை, தியாவையும் கூட்டிக்கொண்டு.

நான் இருக்கும் ஊரில் நாலு பேர் சேர்ந்து ரோட்டில் நின்றால் அது கம்பெனி பஸ்ஸுக்காகத்தான் இருக்கும். ஊர்வலம் என்று போனால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"வேண்டாம்ட்டி. பிள்ளையக் கூட்டிக்கிட்டு ரோட்டுல போவாத. எவன் எத எடுத்துட்டு வருவானோ."

"ஸ்கூலுக்கு விடும்போதும் அதே பயந்தான யப்பா. ரோட்டுல என் கையவாது பிடிச்சிருப்பா."

"ஒங்கப்பனுக்கு நெஞ்சு சரியில்ல, தெரியும்லா?"

"தெரியும். அதுக்கும் சேத்துத்தான் நடக்கேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"யப்பா, ஒங்க பஸ்ஸுல பின்னாடி ஒரு பட்டன் இருக்குல்லா? சின்னப்பிள்ளைல போன்ல சொல்லுவீங்க. அத வீடியோ எடுத்து அனுப்புங்க. கவுன்சில்ல பேச எனக்கு மூணு நிமிஷம் குடுத்துருக்காங்க. அதுல காட்டணும்."

"அந்தப் பட்டன் எதுக்கு அமெரிக்காவுக்கு?"

"பூட்டச் சொன்னா, எங்கள நம்பலியான்னு சண்டைக்கு வருதாங்க. ஒங்கள நம்பாமயா பட்டன் வச்சாங்க? மனுசன் மறப்பான்னுதான வச்சாங்க?"

அந்த நடையைத்தான் நான் சாவியைக் கொடுத்த நாளிலிருந்து நடக்கவில்லை. யார்டில் பஸ்களைக் கழுவுவேன், டயர் பார்ப்பேன். உள்ளே பாதிக்கு மேல் போக மாட்டேன். கான் பாயிடம் கேட்டேன். காலி வண்டி, பிள்ளைகள் படம் வராது என்றதும் தலையாட்டினார். அவரே ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டு எஞ்சினை ஓட்டி அணைத்தார். அலாரம் கத்தியது. புஷ்பம் என் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

முதல் சீட். குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒரு தண்ணீர் பாட்டில். நடுவில் வந்ததும், வரவேண்டியது வந்துவிட்டது. வேர்த்தது. விரல்கள் ஐஸ். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் யாரோ பேசாமல் ஒடுங்கி உட்கார்ந்திருப்பது போல, மஞ்சள் நட்சத்திரம் வாங்குவதற்காக மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. குனிந்து பார்க்கவே பயமாக இருந்தது.

"அண்ணே, படம் ஓடுது. விழுந்திடாதேங்கோ. விழுந்தா முதல்ல இருந்து எடுக்கோணும்."

சிரிப்பு வந்தது. சிரிக்க வேண்டுமானால் மூச்சை வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும். விட்டேன். குனிந்தேன். ஒன்றுமில்லை. அடுத்த சீட். ஒன்றுமில்லை. கடைசி சீட்டுக்கு அடியில் ஒற்றைக் காலுறை. பட்டனை அழுத்தினேன். சத்தம் நின்றது.

பயம் நிற்கவில்லை. ஆனால் பயத்தோடு கடைசி சீட் வரை நடக்க முடியும் என்பது என் கால்களுக்குத் தெரிந்துவிட்டது.

முத்து அந்த வீடியோவைக் கவுன்சிலில் காட்டினாள். வேர்த்து வழியும் ஒரு கிழட்டு மூஞ்சி அமெரிக்கச் சுவரில் பெரிதாகத் தெரிந்ததாம். பரிசீலிக்கிறோம் என்றார்களாம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஊர்வலம் போனார்கள். முத்து என்னை வீடியோவில் வைத்துக்கொண்டே நடந்தாள். சனிக்கிழமைகளில் வராதது அன்று வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அம்மாக்கள், தாத்தாக்கள், வாத்தியார்கள். மருமகன் தோளில் தியா, கையில் ஒரு அட்டை. அதில் அவளே ஒரு பூட்டு வரைந்திருந்தாள். பார்ப்பதற்குத் தேங்காய் மாதிரி இருந்தது.

திடீரென்று டப்பென்று ஒரு சத்தம்.

அந்தத் தெருவே குனிந்தது. குனியச் சொல்லி யாரும் கத்தவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. போனில் தார்ரோடு தெரிந்தது, யாருடைய செருப்போ தெரிந்தது. நான் இங்கே கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். எப்போது போனேன் என்று தெரியாது.

"தாத்தா! தாத்தா, பலூன்!"

தியாவின் குரல். யாரோ குழந்தையின் பலூன் உடைந்திருக்கிறது. ஒருவர் எழுந்தார். பக்கத்திலிருந்தவரைக் கை கொடுத்துத் தூக்கினார். யாரும் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மறுபடி நடந்தார்கள். நானும் எழுந்து, அந்தச் சின்ன ரூமில், கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடந்தேன். என்னுடன் ரூமில் இருக்கும் கீழக்கரை பாய் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"என்ன, வாக்கிங்கா?"

"ஊர்வலம் பாய்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

விதி இன்னும் வரவில்லை. வருடத் தொடக்கத்தில் எல்லா வீட்டுக்கும், பூட்டி வையுங்கள் என்று ஸ்கூலிலிருந்து ஒரு தாள் போகும், அவ்வளவுக்குச் சம்மதித்திருக்கிறார்கள். முத்துவும் கூட்டத்தாரும் விடுவதாக இல்லை. டாக்டர் சம்மதித்த பிறகு கான் பாய் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். மாத்திரை பாதியாகிவிட்டது.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கடைசிப் பிள்ளையை இறக்கி யார்டுக்கு வரும் நேரத்தில் அங்கே தியா ஸ்கூல் வாசலில் இறங்குகிறாள். அலாரம் கத்த, நான் குனிந்து குனிந்து பின்னால் போகிறேன். நெஞ்சு ஒருமுறை இறுகிப் பார்க்கும். வா, சேர்ந்தே போகலாம் என்று கூட்டிக்கொண்டு போகிறேன்.

என் உடம்பில் இப்போது இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று இங்கத்தியது, ஒன்று அங்கத்தியது. இரண்டையும் நிறுத்த முடியாது என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

நான் படுக்கும்போது தியா வகுப்பில் இருக்கிறாள். இன்னும் வெளியே வரவில்லை. வருவாள் என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நாளைக்கு நாற்பது பிள்ளைகள் ரோட்டோரம் எனக்காக நிற்பார்கள். போனைத் தலைமாட்டில் கவிழ்த்து வைக்கிறேன். மூச்சை விடுகிறேன். அவள் ஸ்கூலில் இருக்கும்போதே தூங்கிவிடுகிறேன்.

விடிவதற்கு முன் எழுந்து, பல் தேய்ப்பதற்கும் முன்னால், போனைத் திருப்பிப் பார்க்கிறேன்.

'வந்துட்டா.'