62-ஆம் எண் பேருந்தில் நலம் விசாரிப்பவர்

"என்னண்ணே, முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பேருந்தைக் கிளப்பாமல் பதிலுக்காகக் காத்திருக்கிறார் ஓட்டுநர் ஆர்லோ டட்டில். போன மாதம் ஒரு நாள், காலை ஏழு ஐம்பது, நல்ல மழை. படியில் ஒரு காலும் நடைபாதையில் ஒரு காலுமாக நிற்கும் பிக்கர்ஸ்கில், "மோசமில்லை" என்கிறார். எங்கள் ஊரில் லாட்டரி விழுந்தாலும் கால் ஒடிந்தாலும் சொல்வது அதுதான். ஆர்லோவுக்கு அது போதாது. "எந்தக் கால்ணே? வலதா, இடதா?" பிக்கர்ஸ்கில் கடைசி இருக்கைக்குப் போய், குடையைத் தடுப்புச் சுவர் மாதிரி மடியில் நிறுத்திக்கொள்கிறார்.

ஆர்லோ அமெரிக்காவில் நெப்ராஸ்கா பக்கத்து ஆள். ஆறடி மூன்று அங்குலம், ஐம்பத்து நான்கு வயது. அங்கே இருபது வருடம் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எங்கள் ஊரான கிளாடன்பீல்டின் ஹிலரியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். ஜனவரியிலும் அரைக்கைச் சட்டை. சிரித்தால் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். தேநீரில் ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கிறார். அதைப் பார்க்கச் சகிக்காமல் பயணிகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

நான் அவர் வண்டியில் ஏறிய முதல் நாளே தன் பித்தப்பை அறுவை சிகிச்சையையும் முதல் மனைவியையும் பற்றி என்னிடம் சொல்லி முடித்துவிட்டார். என் தங்கை கணவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அவருக்குப் பித்தப்பை இருக்கிறதா என்றே தெரியாது.

எங்களை நினைத்து அவருக்கும் தலை சுற்றத்தான் செய்கிறது. பிரேக் போட்டால் யாராவது யார் காலையாவது மிதித்துவிடுகிறார்கள். மிதிபட்டவர் மன்னிப்புக் கேட்கிறார். ஆறு மாதமாக அதைக் கண்ணாடியில் பார்த்து வியக்கிறார் மனிதர். பிப்ரவரியில் வண்டியின் சூடேற்றி கெட்டுப் போனது. பதினொரு நாள் கம்பளிக் கோட்டுக்குள் விறைத்துக்கொண்டே போனோமே தவிர ஒருவரும் மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்ததும், "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். நாங்கள் புகார் சொல்லத்தான் செய்தோம், ஒருவருக்கொருவர்.

போன வாரம் பேருந்து நிறுவன அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் பிக்கர்ஸ்கில். "தொந்தரவுக்கு வருந்துகிறேன்" என்று தொடங்கி, ஓட்டுநர் வாரத்தில் ஐந்து நாளும் தன் உடல்நிலையை விசாரிப்பதாகவும், காரணம் விளங்கவில்லை என்றும் பணிவோடு தெரிவித்திருந்தார். ஆர்லோவின் ஆறு மாதச் சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. மேற்பார்வையாளர் லோமஸ் அம்மாள் வியாழக்கிழமை வண்டியில் வந்து பார்ப்பார், அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

மனிதர் நொறுங்கிப் போனார். நூலகத்துக்கு வேலைக்குப் போகும் நான் தினமும் கடைசி நிறுத்தம் வரை செல்கிறவள். அதனால் என்னிடம்தான் புலம்பினார். "எல்லாரும் இறங்கும்போது தேங்க்ஸ் சொல்றாங்களே தங்கச்சி. என்னைப் பிடிச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்." வண்டியை வாய்க்காலில் கவிழ்த்தாலும் நீந்தி வெளியே வந்து நன்றி சொல்லும் கூட்டம் இது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? வேலை போனால் வேறு தொழில் தெரியாது, வேறு ஆட்களையும் தெரியாது என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. வியாழன் ஒரு நாள் மட்டும் இங்கிலீஷ்காரராக இருங்கள், தலையை ஆட்டுங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்றேன். புத்திசாலித்தனமான யோசனை என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

நேற்று அந்த வியாழன். லோமஸ் அம்மாள் முன் இருக்கையில் கோப்பும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். முதல் நிறுத்தத்தில் ஏறிய கிழவிக்கு ஆர்லோ தலையை மட்டும் ஆட்டினார். கிழவி நகரவில்லை. சில்லறை பாக்கி வர வேண்டியவள் போல நின்றாள். பிறகு தானாகவே, "எனக்கு மோசமில்லை கண்ணு" என்றாள். மறுபடி தலையாட்டல். அவள் பதறி, ஹிலரி சுகமா, ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கினாள். பின்னால் வரிசை மழையில் நனைந்தது. வரிசையை மீறி ஏற எங்களில் யாருக்கு மனம் வரும்? ஒவ்வொருவராக வந்து, ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருவர் தன் காது அடைப்பைச் சொன்னார். இன்னொரு பெண் மருமகனைப் பற்றிக் கேட்காமலே கொட்டித் தீர்த்தாள். ஆர்லோவின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. நான்காவது நிறுத்தத்தில் வண்டி ஒன்பது நிமிடத் தாமதம். லோமஸ் அம்மாளின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

அங்கேதான் பிக்கர்ஸ்கில் ஏறினார். தலையாட்டலைப் பார்த்தார். கடைசி இருக்கைப் பக்கம் இரண்டடி வைத்தவர் திரும்பி வந்தார்.

"இடது கால்" என்றார்.

ஆர்லோ விழித்தார்.

"கேட்டியேப்பா. இடதுதான். மாடிப்படி இறங்கும்போது உயிர் போகுது."

ஆர்லோவின் கண் கலங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். என் கண்ணும் சும்மா இருக்கவில்லை. பிக்கர்ஸ்கில் காதுவரை சிவந்து, கடைசி இருக்கைக்கு ஓடாத குறையாக நடந்தார்.

கடைசி நிறுத்தத்துக்குப் பதினான்கு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் நன்றி சொல்லி இறங்கினார்கள். நான் மட்டும் கைப்பையில் எதையோ தேடுகிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்பது எங்கள் ஊர்க் கலை. லோமஸ் அம்மாள் கோப்பை மூடி எழுந்தார். எல்லாம் போச்சு என்று முடிவு கட்டிய ஆர்லோ பெருமூச்சு விட்டு, அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க எப்படிம்மா இருக்கீங்க?"

"மோசமில்லை."

ஆர்லோ தன் வழக்கப்படி காத்திருந்தார். மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. லோமஸ் அம்மாள் ஒரு படி இறங்கினார், நின்றார், அப்படியே திரும்பி ஏறினார்.

"புதுச் செருப்புங்க" என்றார். "காலையிலேர்ந்து கடிச்சு எடுக்குது."

மறுபடி உட்கார்ந்து, இடது செருப்பைக் கழற்றினார். தரை ஈரமாக இருந்தது. கையிலிருந்த அறிக்கைக் கோப்பைக் கீழே போட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டார்.