ஒரு வாரம் முந்திப்போன ரிம்மா

ரிம்மா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே எபிரேயம் வாசிக்கிறாளாம். வாய் மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் ஓடுகிறதாம். கண்ணால் கண்டவர் யாருமில்லை. எபிரேய வகுப்பில் கூடப் படிக்கும் மார்லீன் தன் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் பெல்லாவிடம் சொல்லியிருக்கிறாள். பெல்லா, ரிம்மாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே, கண்ணாடிக்குள் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தலைகீழாவா?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க. நான் நம்பல. ஆனா நீ செஞ்சாலும் செய்வேடி."

ரிம்மா சாயத் தலையோடு எழுந்துவிட்டாள்.

"உட்காருடி! காதுல வழியுது பாரு. எல்லாம் சனிக்கிழமை தெரிஞ்சுடப் போகுது. ஊரே வருதுல்ல, நீ தோரா வேதம் வாசிக்கிறதைப் பார்க்க. நானும் கடையைப் பூட்டிட்டு வரேன்."

ரிம்மா உட்கார்ந்தாள். காலை ஆட்டத் தொடங்கினாள். புத்தகம் நேராகத்தான் இருந்தது. அதை அவள் எந்த நீதிமன்றத்திலும் சொல்வாள். மிச்சமெல்லாம் உண்மை.

ரஷ்ய மொழி பேசும் கோமேல் நகரத்தில் பாலே பள்ளியொன்றில் பியானோ வாசித்தவள் அவள். பிள்ளைகள் காலைத் தூக்க வாசிப்பாள், இறக்க வாசிப்பாள். ஒரு முறை காதில் விழுந்தது அப்புறம் அவளை விட்டுப் போகாது. கிளீவ்லண்டுக்கு வந்தபோது ஆங்கிலத்தையும் காதால்தான் பிடித்தாள், தொலைக்காட்சியின் வானிலை அறிக்கையிலிருந்து. இன்றைக்கும் யாராவது நலம் விசாரித்தால், புயல் கரையைக் கடக்கிற தோரணையில்தான் பதில் வரும். கணவன் செம்யோன் வேறொருத்தியோடு ஃபுளோரிடாவுக்குப் போனான். மகள் இன்னா வேலைக்காகச் சிகாகோ போனாள். ரிம்மா மட்டும் ஊரிலேயே இருந்துகொண்டு, ஒன்று மாற்றி ஒன்றாக எதிலாவது சேர்ந்துகொண்டிருந்தாள். மண்பாண்டம் வனைவது, நீச்சல், இத்தாலிய மொழி, சீட்டாட்டம். தரையில் கால் பாவியதே இல்லை. பாதி வனைந்த ஒரு குவளை இன்னும் குளியலறையில் பல்துலக்கியோடு நிற்கிறது.

"அம்மா, எபிரேயம் எத்தனாவது?" என்று இன்னா கேட்டாள், வகுப்பில் சேர்ந்த செய்தியைச் சொன்னதும்.

"இது வேற."

"நீச்சலும் வேறன்னுதான் சொன்னே."

ஆனால் இது வேறுதான். யூத முதியோர் இல்லம் ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ரிம்மா பியானோ வாசிக்கிறாள். ஓய்வுநாளை வரவேற்கும் பாட்டுகள் ஒவ்வொன்றும் அவள் விரலில் இருக்கின்றன. ஒரு வெள்ளியன்று, பார்வை மங்கிய திருமதி லிப்ஷுட்ஸ் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, ஜெபப் புத்தகத்தை அவள் மடியில் வைத்தாள். "அடுத்த வரி என்ன, கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா." ரிம்மா பக்கத்தைப் பார்த்தாள். கருப்புக் கருப்பாய் ஏதோ நின்றது. "நீ நம்ம யூதப் பொண்ணுதானே?" என்றாள் கிழவி. கேலியாக இல்லை, நிஜமாகவே சந்தேகம் வந்தாற்போல. ரிம்மா பியானோவை மூடிவிட்டுப் போய், மறுவாரமே ஜெப ஆலயத்தில் பெரியவர்களுக்கான எபிரேய வகுப்பில் பெயர் கொடுத்தாள்.

வகுப்பு அடித்தளத்தில். பகலில் மழலையர் பள்ளி நடக்கும் அறை என்பதால் நாற்காலிகள் முழங்கால் உயரம். இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்ற மார்லீன், யூதப் பெண்ணைக் கட்டுவதற்காக மதம் மாறப்போகும் ஒரு பல் டாக்டர், இன்னும் இரண்டு பேர், எல்லோரும் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்கள். சொல்லிக்கொடுத்தவள் ஆலயத்தின் பாடகி த்வோரா. ரிம்மாவை விட இருபது வயது சின்னவள், எப்போதும் எங்கோ ஓடிக்கொண்டிருப்பவள். ரிம்மாவுக்கு எழுத்துகள் தனித்தனியாக வந்தால் அடையாளம் தெரியும். சேர்ந்து வந்தால் பேருந்து நிறுத்தத்துக் கூட்டம்போல முகம் கலங்கிவிடும். அதனால் பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் காதில் பிடித்து, தன் முறை வந்ததும் அப்படியே திருப்பிப் பாடினாள். "அருமை, ரிம்மா!" என்பாள் த்வோரா. மார்லீன் மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக, சனிக்கிழமைதோறும் ஆலயத்தில் வாசிப்பது வழக்கம். வருட முடிவில் ஒவ்வொருவரும் ஒரு சனிக்கிழமை தோராச் சுருளிலிருந்து வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ரிம்மாவின் முறை முதலில் குளிர்காலத்தில் வந்தது; காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போட்டாள். "அப்போ ஜூன் பதினெட்டு," என்றாள் த்வோரா, கோட்டை மாட்டிக்கொண்டே. "அந்த வாரப் பகுதியில ஏதாவது ஏழெட்டு வசனம் எடுத்துக்கோங்க. ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம். தம்பி சொல்லித்தரேன்னிருக்கான்."

த்வோராவுக்கு ஒரு வேலை மிச்சம்.

தம்பி கிரிஷா இஸ்ரேலில், அஷ்கெலானில் இருக்கிறான். கோமேலில் கம்யூனிஸ்ட் கட்சி அட்டை வைத்திருந்த பொறியாளன். இப்போது விதி பிசகாத பக்தன்; தாடி, தொப்பி, பெயர்கூட கெர்ஷோன். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து, பதினெட்டாம் தேதிக்கு உரிய பகுதி எது என்று சொன்னான்: மோசே அனுப்பிய உளவாளிகள் கடவுள் வாக்களித்த தேசத்தைப் பார்த்துவிட்டு வந்து, அங்கிருப்பவர்கள் ராட்சதர்கள், அவர்கள் முன்னால் நாங்கள் வெட்டுக்கிளிகள் என்று புலம்புகிற இடம். ஏழு வசனங்களைப் பாடிப் பதிவுசெய்து அனுப்பினான். ரிம்மா அதைக் காரில் கேட்டாள், பாத்திரம் கழுவும்போது கேட்டாள். மூன்றாம் நாளே மனப்பாடம். அப்புறமும் நிம்மதி இல்லாமல் மார்ச் முழுக்க, ஏப்ரல் முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தாள். அச்சிட்ட பக்கத்தை ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்தால் அந்த எழுத்துக் கூட்டம் முறைக்கும்.

வியாழக்கிழமை மதியம் ஒத்திகை. சின்ன மண்டபத்தில் மேசைமேல் சுருள் விரித்திருந்தது. பெல்லா சொன்னது இன்னும் காதில் கொதித்துக்கொண்டிருந்ததால் ரிம்மா நேரத்துக்கு முன்பே வந்து, கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தாள். மார்லீனும் வந்திருந்தாள், மறுமாதம் அவள் முறை, பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டுமாம். சுருளில் உயிர்க்குறி கிடையாது, ராகக் குறி கிடையாது, வெறும் மெய்யெழுத்துப் பத்திகள். த்வோரா ஒரு பத்தியின் உச்சியைக் காட்டினாள். "இந்த வாரம் இங்க ஆரம்பிக்குது. உங்க இடத்தை நீங்களே பிடிச்சுக்கோங்க."

ரிம்மா நுனியில் சின்னக் கை செதுக்கிய வெள்ளிச் சுட்டுகோலை எடுத்தாள். கொஞ்சம் தேடுவதுபோல் தேடி, பத்தியின் நடுவில் ஓரிடத்தில் வைத்துப் பாடத் தொடங்கினாள். என்ன குரல்! மண்டபத்தின் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டார். வரிக்கு வரி கோல் நகர்ந்தது. அந்தப் பத்தியில் ஓரிடத்தில் இரண்டு எழுத்துகள் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். ஏன் அப்படி என்று சிறுபிள்ளையும் கேட்கும், எழுத்துத் தெரிந்த எவரும் அங்கே ஒரு கணம் தயங்குவார்கள். ரிம்மாவின் கோல் அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. உளவாளிகள் திரும்பினார்கள், ராட்சதர்கள் எழுந்தார்கள், வெட்டுக்கிளிகள் வந்தன. முடித்தாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரொம்ப அழகாப் பாடினீங்க, ரிம்மா," என்றாள் த்வோரா மெதுவாக. "ஆனா நீங்க பாடினது இந்தப் பக்கத்துல இல்ல."

"இல்லைன்னா?"

"இந்த வாரப் பகுதியில எங்கயுமே இல்ல. அது அடுத்த வாரத்துப் பகுதி." த்வோராவுக்கு ஏதோ உறைத்தது. "உங்க தம்பி எந்த ஊர்ல இருக்கார்?"

"அஷ்கெலான்."

த்வோரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எட்டாம் நாள்! பஸ்காப் பண்டிகை இஸ்ரேல்ல இருக்கிறவங்களுக்கு ஏழு நாள், வெளியில இருக்கிற நமக்கு எட்டு. இந்த வருஷம் அந்த எட்டாம் நாள் சனிக்கிழமையில விழுந்துச்சு. நாம இங்க பண்டிகை வாசிப்புல உட்கார்ந்திருந்தோம். அவங்க அடுத்த பகுதிக்குப் போயிட்டாங்க. ஆகஸ்ட் வரைக்கும் அவங்க ஒரு வாரம் முன்னாடி. நான் கேட்டிருக்கணும். என் தப்பு."

"ஆள் இங்க, காலண்டர் அங்க," என்றாள் மார்லீன். "ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதேம்மா. கண்ணு முன்னாடி வேற எழுதியிருக்கு. அது எப்படித் தெரியாமப் போச்சு?"

அதுதான் கேள்வி. காலண்டர் பிழைக்குப் பழி ஏற்க ஆயிரம் பேர் உண்டு. எதிரில் இருந்த எழுத்துக்கு அவள் ஒருத்திதான். ரிம்மாவின் கழுத்து சிவந்தது.

"தெரியல," என்றாள். "எனக்குப் படிக்க வராது. காதுலதான் பிடிச்சேன். போதுமா? போய் நாத்தனார்கிட்ட சொல்லு."

மார்லீன் தன் பையைத் துழாவி, ஒரு இருமல் மிட்டாயை எடுத்து ரிம்மாவின் பக்கம் தள்ளினாள். "புத்தகம் தலைகீழா இருந்துச்சுன்னு நான் சொல்லல," என்றாள். "அது என் நாத்தனார் சேர்த்தது."

த்வோரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ரெண்டு வழி இருக்கு. அடுத்த சனிக்கிழமை வாங்க. நீங்க பாடினது அப்போ இங்கயே வரும், யாருக்கும் எதுவும் தெரியாது. இல்லன்னா, இந்த சனிக்கிழமை, இந்தப் பகுதியில மூணு வசனம். மூணுக்குக் குறையக்கூடாது, மூணு போதும். ஆனா அதைப் படிக்கணும்." அவள் ஒரு நகல் தாளை நீட்டினாள். ஒரு பக்கம் குறிகளோடு, மறுபக்கம் சுருளில் உள்ளதுபோல் மொட்டையாக. "இந்த இடம் சின்னது. பாலைவனத்துல வானத்துலேர்ந்து விழுந்த மன்னாவையே தின்னு அலுத்துப்போயி, எகிப்துல தின்ன மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைச்சு அழறாங்க."

ரிம்மாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "எங்க ஆளுங்கதான். ரஷ்யக் கடையில போய் நில்லுங்க. இந்த ஊர் வெள்ளரிக்காய்க்கு வாசனையே இல்லைன்னு தினம் ஒப்பாரி."

"நான் பாடி அனுப்பட்டுமா?"

"வேண்டாம்," என்று ரிம்மா பட்டென்று சொன்னாள். சொன்ன மறுநிமிடமே வருந்தினாள். ஆனால் மார்லீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அடுத்த சனிக்கிழமைதான் சரியென்று முடிவுசெய்துகொண்டே வந்தாள். கதவைத் திறக்கும்போது இன்னா அழைத்தாள்.

"அம்மா, நாளைக்கு மதியம் கிளம்பறேன். லீவு சொல்லியாச்சு. நிஜமாத்தானே?"

"என்ன நிஜமா?"

"இல்ல, கடைசி நிமிஷத்துல அடுத்த வாரம்னு சொல்வியோன்னு. அடுத்த வாரம் என்னால முடியாது, முன்னாடியே சொல்லிட்டேன்."

ரிம்மா ஒரு கையில் சாவியோடு நின்றாள். "இந்த வாரம்தான்," என்றாள். "சாப்பிடாம வா. ஹெர்ரிங் மீன் வாங்கி வச்சிருக்கேன்."

அன்று மாலை முழுக்க வீட்டில் ஓரிடத்தில் இருக்கவில்லை. தாளைச் சமையலறையில் வைத்தாள், பியானோமேல் வைத்தாள், ஜன்னலோரம் கொண்டுபோனாள். முதல் வசனம் ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று கல் பொறுக்குவதுபோல் வந்தது. குறிகளுள்ள பக்கத்தில் படித்துவிட்டு மொட்டைப் பக்கத்துக்குத் தாவினால், இப்போதுதான் கைகுலுக்கிய ஆள் தெரியாத முகத்தோடு நின்றான். குளிர்பெட்டியைத் திறந்தாள். மூடினாள். கிரிஷாவை அழைத்துக் கேட்டுவிட்டால் பத்து நிமிடத்தில் மூன்று வசனமும் காதில் ஏறிவிடும். போனை எடுத்துச் சோபா மெத்தைக்கு அடியில் செருகினாள்.

வெள்ளி காலையில் இரண்டாவது வசனம் பிடிபட்டது. மீன் என்ற சொல்லை அவள் யாரும் சொல்லித்தராமல் கண்டுகொண்டாள். கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று சுற்றி வந்தாள். வெள்ளரிக்காய், முலாம்பழம், வெங்காயம், பூண்டு என்று காய்கறிக் கடைபோல வரிசை வந்தது, குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூன்றாவதில் மாட்டிக்கொண்டாள். முதல் சொல்லிலேயே ராகம் எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது என்று பிடிபடவில்லை. இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை பாடிப் பார்த்தாள். எல்லாமே சரியாகவும் எல்லாமே தப்பாகவும் கேட்டது. இன்னா சிகாகோவை விட்டுக் கிளம்பியிருப்பாள். பெல்லா கடைக்கதவில் அறிவிப்பே ஒட்டியிருப்பாள். நாளை ஊரே பார்க்க வாய் அடைத்து நிற்கப்போகிறாள்.

மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் போனை எடுத்தாள். ஒரே ஒரு சொல். ஒரு சொல்லைத் தம்பியிடம் கேட்பது குற்றமா? அவன் பெயரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு, தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுமுனையில் மணி அடித்தது.

அப்போதுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. இங்கே மதியம் ஒரு மணி. அஷ்கெலானில் பொழுது சாய்ந்திருக்கும். மைத்துனி விளக்கேற்றியிருப்பாள், ஓய்வுநாள் பிறந்திருக்கும், கிரிஷாவின் போன் ஏதோ ஓர் இழுப்பறைக்குள் கிடக்கும். ஓய்வுநாளில் போன் ஆகாது; நாளை இருட்டி நட்சத்திரம் தெரியும் வரை அவன் அதைத் தொடமாட்டான். முந்திக்கொண்டே இருக்கிறான், படுபாவி.

துண்டிக்க விரலைக் கொண்டுபோனாள். துண்டிக்கவில்லை. போனின் ஒலி அறைக்குள் ஒரே சுருதியில் வந்து வந்து போனது. அவள் விரல் மேசையில் அதன் தாளத்தைத் தட்டியது, பாலேப் பிள்ளைகளுக்குத் தட்டுவதுபோல. பிறகு அதே விரலைத் தாளின் மொட்டைப் பக்கத்துக்கு நகர்த்தி, மூன்றாவது வசனத்தின் முதல் எழுத்தின்கீழ் வைத்தாள். கம்பி மாதிரி ஒல்லியாய் நின்றது.

"வாவ்," என்று அந்த எழுத்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். "வெ..."

அடுத்த எழுத்து. அதற்கடுத்தது. "வெ-அத்..."

போன் அடித்துக்கொண்டே இருந்தது.