உழாத நிலத்தில் ஒரு வாரம்

அந்தக் கோடையில் நான் காலையில் எழும்போதே களைத்திருந்தேன். மொன்றியால் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஓர் ஆய்வுப் பண்ணையில் எனக்கு வேலை. ஒரு பக்கம் சோளமும் சோயாவும் விளையும் வயல்கள். மறுபக்கம் ஓக்கும் மேப்பிளும் அடர்ந்த காடு. இரண்டுக்கும் நடுவில் வெட்டாத புல் ஒரு பட்டையாகக் கிடந்தது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு இங்கிலீசுக் காடு என்று பெயர். நகரத்தின் மற்றப் பக்கங்களில் கடைக்குள் நுழைந்தவுடன் பிரெஞ்சில் போன்ஜூர் கேட்கும். இங்கே நாயோடு நடக்க வருகிறவர்கள் எல்லோரும் ஆங்கிலம். மரங்களைக்கூட யாரோ ஒரு ஆங்கிலப் பண்ணைக்காரர் தன் ஊர் ஞாபகத்தில் நட்டு வளர்த்தார் என்று சொல்வார்கள்.

என் மேற்பார்வையாளரும் இங்கிலாந்தில் பிறந்தவர். அதிகம் பேசாத பெண். மழைக்காலணி போட்டுக்கொண்டு, பிளாஸ்கில் தேநீரோடு வருவார். தான் வளர்ந்த ஊரின் காடும் இப்படித்தான், உள்ளே எவ்வளவு தூரம் போனாலும் பக்கத்து வயலின் டிராக்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் தன் ஊரைப்பற்றி எதுவும் சொன்னதில்லை.

வேலை சிக்கலானதல்ல. காட்டின் மரங்களும் களைகளும் வயலுக்குள் எவ்வளவு தூரம் பரவுகின்றன என்று பார்க்க வேண்டும். வயலிலும் புல்லிலும் காட்டுக்குள்ளும் குறித்துவைத்த இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சதுரச் சட்டத்தை நிலத்தில் வைத்து, அதற்குள் முளைத்திருப்பவற்றை இனம் பார்த்து எண்ணி எழுத வேண்டும். இடம் தெரிவதற்காக ஒவ்வொரு மூலையிலும் கம்பியில் கட்டிய சிறிய சிவப்புக் கொடி. இளவேனிலில் அந்தக் கொடிகளை எல்லாம் நட்டவள் நான்தான். பச்சைக்குள் சிவப்புத்தான் தூரத்திலேயே தெரியும்.

ஜூலையில் வேலை கூடியது. இன்னொரு ஆள் தேவை என்றார் மேற்பார்வையாளர். நான் மச்சாளைச் சொன்னேன்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. இலங்கையில் வன்னியிலிருந்து வந்து இரண்டு வருடம். அண்ணனும் அவரும் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். கோழி இறைச்சி பொதி செய்யும் ஒரு இடத்தில் மச்சாளுக்கு வேலை. நாள் முழுவதும் குளிர் அறைக்குள் நிற்க வேண்டும். மாலையில் வந்து சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு குசினியில் அசையாமல் நிற்பார். மணிக்கட்டு வீங்கியிருக்கும். விரல் மடங்காது. வேலையை மாற்றச் சொல்லி வைத்தியர் சொல்லியிருந்தார். எங்கே மாற்றுவது என்று அவர் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். சரிவந்தால் பனி விழும்வரை வேலை. வசந்தத்தில் திரும்பவும். குளிர் அறையில் மச்சாள் ஒரு வாரம் லீவு எடுத்தார். இங்கே சரிவராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை அங்கே திரும்பிப் போக வேண்டும்.

நான் வழக்கம்போல் ஒரு பட்டியல் போட்டேன். முழுக்கை மேற்சட்டை, காற்சட்டையின் நுனியைச் செருகக்கூடிய நீளக் காலுறை, நுளம்பு எண்ணெய், தொப்பி, தண்ணீர். தொட்டால் தோலில் கொப்புளம் போடும் நச்சுச் செடியின் படம். உண்ணி கடித்தால் என்ன செய்வது. அண்ணன் அதை எடுத்து வாசித்துவிட்டு, "இவள் பச்சைப் புல்லைக் கண்டால் படுத்து நித்திரை கொள்ளுவாள், கவனமாப் பார்," என்றார். மச்சாள் அவருடைய தோளில் அகப்பையால் ஒரு தட்டுத் தட்டினார்.

திங்கட்கிழமை சோள வயல். மச்சாளின் கண்ணும் கையும் வேகம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு முளைகளை இலையின் ஓரத்தைத் தடவிப் பிரித்தார். மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம், வகுப்பில் படித்த பிரெஞ்சில் பதில் சொன்னார். அவருக்குப் பிரெஞ்சு எங்கள் எல்லோரையும்விட நன்றாக வரும். மேற்பார்வையாளருக்கு அது பாதிதான் புரிந்தது. இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். அன்று மாலை என் முதுகு வலித்தாலும் மனம் இலேசாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை காட்டோரத்துப் புல்லுக்குப் போனோம். புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. அதற்கு மேலே வரிசையாக என் சிவப்புக் கொடிகள், அப்படியே மரங்களுக்குள் போய் மறைந்தன. நான் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். கொஞ்சத் தூரம் போன பிறகு பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் மச்சாள் வண்டிப் பாதையிலேயே நின்றார். இரண்டு காலையும் சேர்த்து வைத்திருந்தார்.

வாங்கோ என்றேன். வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்றார். பாதையோரக் கல்லில் உட்காரச் சொல்லிவிட்டு நான் தனியாக எண்ணினேன். மத்தியானமும் அதேதான். வெயில் சுட்டது. கண்ணுக்குள் வியர்வை ஓடியது. தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அவர் அதே கல்லில், கால் இரண்டையும் பாதையின் சரளையில் ஊன்றியபடி இருந்தார். முகத்தில் வயிற்றுவலி தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நின்ற நேரத்தில், அவராகவே சொன்னார். யுத்தம் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் தங்கள் காணிக்குத் திரும்பிப் போனபோது வளவில் பாதியைத்தான் துப்பரவாக்கிக் கொடுத்திருந்தார்கள். மற்றப் பாதியைச் சுற்றிச் சிவப்புத் தலை வைத்த தடிகள். கிணறு அந்தப் பக்கம் இருந்தது. புல்லும் அந்தப் பக்கம்தான் வளர்ந்தது. ஒருநாள் அவர்களுடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மச்சாள் முன்னால் நின்ற லொறியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனடாவில மிதிவெடி இல்லையெண்டு எனக்குத் தெரியும்," என்றார். "நான் விசரி இல்லை. ஆனா கால் எடுபடேல்லை."

அப்படியென்றால் நேற்று வயலுக்குள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அது உழுத நிலமெல்லே. மெசின் போய் வந்திருக்கு. அதில என்ன பயம்?"

மேற்பார்வையாளரிடம் விளக்கிச் சொல்கிறேன் என்றேன். மச்சாள் உடனே என் பக்கம் திரும்பினார்.

"சொல்லாதேயும். பிறகு அந்த மனுசி என்னைப் பார்க்கேக்கையெல்லாம் அதைத்தான் பார்க்கும். வேலையைப் பார்க்காது."

பிரச்சினை என்றால் அதைத் துண்டு துண்டாக்கி வரிசையில் போடுவதுதான் எனக்குப் படிப்பித்தது. கொடி சிவப்பு, அதனால் பயம், ஆகவே கொடியை மாற்றலாம். புதன்கிழமை விடிந்ததும் நான் தனியாகப் போய், களஞ்சியத்தில் கிடந்த நீலக் கொடிகளை எடுத்து, புல்லில் இருந்த சிவப்பையெல்லாம் பிடுங்கி நீலத்தை நட்டேன். புல்லின் பனித்துளியில் காற்சட்டை இடுப்புவரை நனைந்தது. மச்சாள் அண்ணனின் காரில் வந்து இறங்கி, பாதையில் நின்று பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"ஐயோ பிள்ளை, பெயின்ற் கடைக்காரி மாதிரி. நிறத்தை மாத்தினா நிலம் மாறுமோ?"

நானும் சிரித்தேன். அழுகை வரும் அளவுக்குக் களைப்பாக இருந்தது. அன்று அவர் உழுத பக்கத்தில் எண்ணினார், நான் புல்லில் எண்ணினேன். வயல் இடங்கள் மத்தியானத்தோடு முடிந்துவிட்டன. மிச்சம் எல்லாம் காடு.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் எங்கள் தாள்களைப் பார்த்தார். வயல் தாள்கள் மிக நன்றாக இருக்கின்றன என்றார். காட்டோரத்துப் புல்லின் தாள்களில் ஏன் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது என்று கேட்டார். நான் வேலையைப் பிரித்துக்கொண்டோம் என்றேன். இனி வரும் வேலை முழுவதும் காட்டுக்குள்தான், வயலுக்கு மட்டும் ஒரு ஆளை வைக்க வழியில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். நாளை மாலை தன் முடிவைச் சொல்வதாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற மச்சாள், ஆங்கிலம் முழுதாகப் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து, கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். குளிர் அறையில் அப்படித்தான் நின்று பழக்கமாக்கும்.

அன்று மாலை மழை பெய்தது. வீட்டில் அண்ணன், காடு பிடிக்காவிட்டால் விடு, கோழி எங்கும் ஓடிவிடாது என்று பகிடி விட்டார். மச்சாள் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. நான் மேலே போய் உடுப்பு மாற்றாமலே படுத்துவிட்டேன். அவருக்காக யோசிப்பதற்குக்கூட என்னிடம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வயலுக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள வாய்க்கால் ஓரம் ஒரே சேறு. நான் சட்டத்தோடு முன்னால் போனேன். வாங்கோ என்றும் சொல்லவில்லை, இருங்கோ என்றும் சொல்லவில்லை. மச்சாள் வாய்க்கால் கரையில் குந்திவிட்டார்.

"இது என்ன காலடி?"

பிளந்த குளம்பின் தடங்கள். மான் என்றேன்.

"ஒண்டோ?"

"நிறைய இருக்கு. இருட்டினாப் பிறகு சோளத்துக்கு வரும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் மச்சாள். அதுகளாலதான் ஓரத்துச் சோளம் எல்லாம் மொட்டை."

அவர் எழுந்து, தடங்கள் வந்த வழியைப் பார்த்தார். வயலிலிருந்து வாய்க்காலைக் கடந்து, புல்லைப் பிளந்து, மரங்களுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போனது. இத்தனை வாரம் அதன் குறுக்கே நடந்திருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. புல் இரண்டு பக்கமும் சாய்ந்து, நடுவில் மண் தெரிந்தது.

"நீர் பின்னால வாரும்," என்றார்.

முதல் காலை ஒரு குளம்புத் தடத்தின் மேலேயே வைத்தார். பிறகு அடுத்தது. நான் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். மான்கள் நேராக நடப்பதில்லை. முட்செடிக்குள் நுழைந்தது பாதை, விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றியது, எங்களுக்குத் தேவையில்லாத ஒரு பள்ளத்துக்குள் இறங்கி ஏறியது. மச்சாளின் மேற்சட்டை கிழிந்தது. அவர் நிற்கவில்லை. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தூரத்தில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் முதல் சிவப்புக் கொடி தெரிந்தது, பாதையிலிருந்து கொஞ்சம் விலகி, இறகுபோல இலை விரித்த பன்னச் செடிகளுக்கு அந்தப் பக்கம்.

அங்கே மான் போயிருக்கவில்லை. மச்சாள் நின்றார்.

நான் பன்னத்துக்குள் இறங்கி, கொடிவரை கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன். செடிகள் நசிந்து ஒரு முழ அகலத்தில் மண் தெரிந்தது.

"இன்னொருக்கா," என்றார்.

இன்னொரு முறை நடந்தேன். அவர் வந்தார். சட்டத்தை வாங்கி நிலத்தில் வைத்து, முழங்காலிட்டு, ஒவ்வொரு முளையாகப் பெயர் சொல்லி எண்ணினார். முதலில் மெதுவாக, பிறகு வயலில் எண்ணிய வேகத்தில். நான் எழுதிக்கொண்டேன். அடுத்த கொடிக்கும் அப்படியே. மான் பாதை உள்ளவரை அவர் முன்னால், அதற்குப் பிறகு நான் மிதித்துக் கொடுக்க அவர் பின்னால். தனியாகச் செய்திருந்தால் மத்தியானத்துக்குள் முடிந்திருக்கும் வேலை மாலைவரை இழுத்தது. கடைசிக் கொடியில் என் கால்கள் என் சொல் கேட்கவில்லை. மச்சாள் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, என் காலுறையில் ஒட்டியிருந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

மேற்பார்வையாளர் மாலையில் வந்து காட்டின் ஓரமாக நடந்து பார்த்தார். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஏன் ஒரு பாதை நசிந்திருக்கிறது என்று கேட்டார். சட்டத்துக்குள் யாரும் மிதிக்கவில்லை, வெளியேதான், நாங்கள் இருவரும் வேலை செய்யும் முறை அது என்றேன். மெதுவான முறை என்றார். ஓம், மெதுவானதுதான் என்றேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மச்சாளைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், திங்கட்கிழமை, எட்டு மணி என்றார்.

மச்சாள் மெர்சி என்று நன்றி சொன்னார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் சாவியைப் போடாமல் தலையை ஸ்டியரிங்கில் வைத்துக் கண்ணை மூடினேன். திங்கட்கிழமையும் மிதிக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் நாட்களிலும். எவ்வளவு காலத்துக்கு என்று யோசிக்க விரும்பவில்லை.

பக்கத்தில் கைத்தொலைபேசியின் பொத்தான்கள் அழுத்தும் சத்தம் கேட்டது. குளிர் அறைக்கு அழைப்பு எடுக்கிறார். யாரும் எடுக்கவில்லை, பதிவு இயந்திரம் பேசியது. மச்சாள் பிரெஞ்சில் தன் பெயரையும் வேலை இலக்கத்தையும் சொன்னார். இனி வரமாட்டேன் என்றார். கொஞ்சம் நிறுத்தி, வேறு வேலை கிடைத்துவிட்டது என்றார். வைத்துவிட்டு, மேற்சட்டையின் கிழிந்த கையைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டார்:

"வெளியில வேலையெண்டு சொல்லியிருக்கலாமோ?"

அவங்களுக்கு அது தேவையில்லை மச்சாள் என்றேன்.

"எனக்குச் சொல்ல விருப்பமா இருந்தது," என்றார்.

நான் காரை எடுத்தேன்.