ஏழில் உடையாத எண்

என் வீட்டுக்காரர் போனைத் திறக்க ஒன்பது இலக்கம் அடிப்பார். 381654729. கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ போன் மாற்றிவிட்டார், அந்த எண்ணை மட்டும் மாற்றவில்லை. கூட்டிப் பார்த்தேன், கூட்டு எண் ஒன்பது. நியூமராலஜிக்காரர் யாரோ எழுதிக் கொடுத்தது என்று நானாக நினைத்துக்கொண்டு, நல்லது நடந்தால் சரி என்று இருந்தேன்.

எம்.ரெட்டியபட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வண்டி பஞ்சர். கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று அந்த எண்ணைப் பற்றிக் கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கால்குலேட்டரைத் திறந்து என் கையில் கொடுத்தார். முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். முதல் மூன்று 381, மூன்றால். 3816 நான்கால். இப்படியே போய் முழு எண்ணும் ஒன்பதால். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே தடவைதான். அப்படி அமைவது உலகத்திலேயே இது ஒன்றுதானாம்.

நானும் வகுத்துப் பார்த்துவிட்டு, அடேயப்பா, யார் கண்டுபிடித்தது என்றேன். காலேஜில் கூடப் படித்த பெண்ணாம். இவரும் அவளுமாகப் பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் போகவும் வரவும் மாசக்கணக்கில் தேடினார்களாம். இப்போது எங்கேயோ வெளிநாட்டில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாளாம். இருக்கட்டும் மகராசி. எனக்கு வயிறு எரிந்தது.

நான் இவருக்கு மாமன் மகள். பிறந்தபோதே இவருக்கென்று பேசி முடித்துவிட்டார்கள். என்னை இவர் தேடவே இல்லை. அந்த எண்ணைத்தான் தேடியிருக்கிறார், அதுவும் இன்னொருத்தியோடு சேர்ந்து.

அதன் பிறகு, நான் பில் போடும் ஜவுளிக்கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் எனக்கென்று ஓர் எண்ணைத் தேடினேன். ஒன்றுதான் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஐந்தாவது இடத்தில் ஐந்துதான் வர முடியும், இரட்டைப்படை இடங்களில் இரட்டை எண்தான். அதுவரை நானே பிடித்துவிட்டேன். ஆனால் எதைப் போட்டாலும் ஏழில் வந்து உடைந்தது, ஏழில் தப்பினால் எட்டில் போனது. கூட வேலை பார்ப்பவள், "யாருக்குக்கா ஜாதகம் பாக்குறீக?" என்று கேலி செய்தாள்.

ஒரு நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பொறி தட்டியது. அதே எண்ணின் கடைசியில் ஒரு சைபர். பத்து இலக்கம் ஆகிவிடும், பத்தாலும் வகுபடும். சைபர் முதல் ஒன்பது வரை அத்தனையும் வந்துவிடும். இனிமேல் அது அவள் எண் இல்லை. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாக எழுதிக் காட்டினேன்.

"அத்தான், இது நான் கண்டுபிடிச்சது. போன்ல இதுக்கு மாத்துங்க."

பார்த்தார். சிரித்தார். பாவி மனுஷன், என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஏ, அந்தப் புள்ளையும் இதே மாதிரிதான், கடைசியில ஒரு சைபரப் போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு."