முச்சந்தியில் கொட்டிய சக்கை

குவாங் தெஷெங்கின் மருந்துக் கடையில் இல்லாத மூலிகை கிடையாது; கேட்ட மூலிகைதான் கிடைக்காது. ஆனாலும் வறட்டு இருமலுக்குப் பிபாப் பழமரத்து இலையைப் போட்டுத் தான் காய்ச்சும் பாகைப் பற்றி ஏரிக்கரை முழுக்க அளந்து வைத்திருந்தார். பரம்பரை ரகசியமாம். என்ன பெரிய ரகசியம்! அந்த இலையின் அடியில் பூனைமயிர் போலச் சுணை இருக்கும். தேய்த்து எடுக்காமல் காய்ச்சினால் அது தொண்டையில் ஒட்டி, இல்லாத இருமலும் வரும். மனிதருக்குத் தேய்க்கச் சோம்பல்.

இந்த இலையுதிர்காலத்தில் அவருக்கே இருமல் பிடித்தது. தன் பாகையே குடித்தார், இருமல் இரட்டித்தது. இருமுகிற கடைக்காரனிடம் எவன் இருமல் மருந்து வாங்குவான்? வாடிக்கை எல்லாம் எதிர்ச்சாரி தாங் அம்மாளின் மருந்துக் கடைக்கு நழுவியது.

மனைவி யின்ஃபங் பொறுக்கமாட்டாமல், கொல்லை வழியாகப் போய்த் தாங் அம்மாளிடமே மருந்து கட்டி வந்தாள். கஷாயத்துக்கு இருமல் நன்றாகவே கேட்டது.

"சக்கைய சாக்கடைல கொட்டு. ஒரு பய பாக்கக் கூடாது" என்று குவாங் படித்துப் படித்துச் சொன்னார்.

அவள் கேட்பாளா? சக்கையை நாலு பேர் மிதித்தால்தானே நோய் அவர்கள் காலோடு போகும்? விடிந்ததும் முச்சந்தியில் கொட்டிவிட்டு வந்தாள்.

சக்கை கிடந்தால் கிளறிப் பார்க்காமல் அந்தத் தெரு நகராது. டோஃபு விற்கும் பியான் குந்தி உட்கார்ந்து ஒரு பிபா இலையைப் புரட்டிவிட்டு, கடை திறக்க வந்த குவாங்கைக் கூப்பிட்டான்.

"குவாங் அண்ணே! அண்ணி இதக் கொட்டுனத இப்பத்தான் பாத்தேன். ஒரு சுணைகூட இல்லியே! உங்க கடை இலைக்கு எப்போலேர்ந்து சவரம் பண்றீங்க?"

தெருவே கொல்லென்று சிரித்தது. குவாங்குக்கு முகம் செத்துவிட்டது.

"எங்க வீட்டுதே இல்லடா! எனக்கு இருமலே வரல!"

வாசலில் நின்ற யின்ஃபங் பதறிப்போனாள். கொட்டிய நோயை இல்லை என்று சாதித்தால் அது வீட்டுக்கே திரும்பிவிடுமே!

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! எங்க வீட்டுதுதான், தாங் அக்கா கட்டிக் குடுத்த மருந்துதான்! எல்லாரும் நல்லா மிதிங்க. நம்ம பாகக் குடிச்சு ரெட்டிச்ச இருமல் இதோட ஒழியட்டும்!"

மிதித்தார்கள். மிதித்த காலோடு நேரே தாங் அம்மாள் கடைக்கு நடந்தார்கள்.

"அப்போ எங்களுக்கு நீங்க குடுத்தது என்னண்ணே?" என்றான் பியான் போகிறபோக்கில்.

குவாங் வாயைத் திறந்தார். பாழாய்ப்போன இருமலாவது வந்து தொலைந்திருந்தால் பதில் சொல்லாமல் தப்பியிருக்கலாம். அதுவும் வரவில்லை.