உள்பக்கம் சாய்ந்த தாள்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், குழல் விளக்கு எரிகிற ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது.

என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய். அவள் தம்பியின் உடம்பிலிருந்து, புது ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லை எடுத்து உறையவைத்து, பிறகு அவளுக்கு ஏற்றினார்கள். உறையவைக்கச் சேர்க்கும் மருந்துக்குப் பூண்டு வாடை. அன்று முழுக்க அவள் மூச்சில் அடித்தது. இனி உடம்பில் ஓடப்போவது தம்பி ரத்தம் என்றார் டாக்டர். "இப்ப நான் பாதி உங்க மச்சான். மரியாதையாப் பேசுங்க" என்றாள்.

பிறகு வைரஸ் வந்தது. பலர் உடம்பில் சும்மா தூங்கிக்கிடக்கிற வைரஸ்தான். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் விழித்துக்கொண்டது. முதல் மருந்துக்குக் கொஞ்ச நாள் அடங்கியது, பிறகு பழகிவிட்டது. இரண்டாவது மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்தது, வைரஸை ஒன்றும் செய்யவில்லை. மிச்சம் ஒரே வழி. அந்த வைரஸை வென்ற வேறொருவருடைய ரத்த அணுக்கள், அதேபோல உறையவைத்து, பெட்டியில் வர வேண்டும். வெளியே புயல். விமானம் கிளம்பவில்லை.

எனக்குச் சளி. உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு நாற்காலி, கையில் போன். கிருமி நுழையாதபடி அவள் அறையின் காற்று எப்போதும் வெளியே தள்ளும். அதைச் சரிபார்க்க நர்ஸ் கதவிடுக்கில் ஒரு மெல்லிய தாளை ஒட்டியிருந்தார். அது எந்நேரமும் என் பக்கமாக ஆடும். வேறு வேலை இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மதியம் 2.40.

தாள் நின்றது. பிறகு மெல்ல... உள்பக்கம் சாய்ந்தது.

கதவு திறக்கவில்லை.

போன் அடித்தது. அவள்தான்.

"யாருங்க இவங்க? கையுறைகூடப் போடல."

"யாரு?"

"பக்கத்துல உக்காந்திருக்காங்களே."

கட்டிலில் அவள் மட்டும்தான் இருந்தாள். இடது கை மட்டும் சற்றுத் தூக்கியிருந்தது. யாரோ பிடித்திருப்பதுபோல.

"கை ஜில்லுன்னு இருக்கு... நல்லாத்தான் இருக்கு. விடச் சொல்லாதீங்க."

ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தேன்.

தாள் பழையபடி என் பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் உள்ளே போய், ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"செல் எப்ப ஏத்துனாங்க? எனக்கு யாரும் சொல்லலையே."

"ஏத்தலையே. பெட்டியே வரல."

"ரூம் பூரா பூண்டு நாத்தம்."

மறுநாள் அவள் மூச்சு நின்றது. வைரஸால் நுரையீரல் ஏற்கெனவே போயிருந்தது. பெட்டி கடைசிவரை வரவில்லை.

சில வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"அன்னைக்கு மதியம் எடுத்த ரத்தத்துல வைரஸ் துளிகூட இல்ல. காலையில எடுத்ததுல லட்சக்கணக்குல இருந்துச்சு."

டாக்டர் அறிக்கையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இன்னொண்ணு. அவங்களோடது, அவங்க தம்பியோடது, ரெண்டு பேர் அணுதான் இருக்கணும். மூணு பேரோடது இருக்கு."

"பெட்டியில வர இருந்ததா?"

"அது ஒரு ஆம்பளையோடது. இந்த மூணாவது ஒரு பொண்ணோடது."

யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் ஏன் ஒரு வாரம் முன்னால் வரவில்லை?

அதை யாரிடம் கேட்பது...