கட்டைவிரலால் எண்ணிய நாடி

வகுப்பில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. நாற்பத்து மூன்று வயதில் நர்சிங் படிக்க வந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கண்ணாடி போட்டால் கரும்பலகை மங்கும், கழற்றினால் நோட்டு மங்கும். ஆனாலும் இதய மருந்துத் தேர்வில் முதல் மார்க் அவளுக்குத்தான். அதற்காக வீட்டையே படாத பாடு படுத்தினாள். ஃப்ரிட்ஜ் கதவில் ‘பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் விஷம்’ என்று ஒட்டி வைத்திருந்ததால், பால் பாக்கெட் எடுக்கவே அவள் கணவர் தயங்கினார்.

அந்த மார்க் தலைக்கேறியதுதான் வினை.

இதய வார்டில் பயிற்சி தொடங்கியது. நாலாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். இதயம் பலவீனமாகி, தினம் ஒரு டிகாக்சின் மாத்திரையில் இருந்தார். அதைக் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுதாகத் துடிப்பை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்தி, டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் இருபது வருடமாக வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தே பாதி டாக்டர் என்று பேர் வாங்கியவள் அல்லவா? இங்கேயும் மகாராணி அதையே செய்தாள். கட்டைவிரல், கால் நிமிடம், நாலால் பெருக்கல். முதல் நாள் எண்பத்தெட்டு, மறுநாள் தொண்ணூற்றிரண்டு. அவள் எழுதியதைப் பார்த்து வார்டு நர்ஸ் இரண்டு நாளும் மாத்திரையைக் கொடுத்தாள். அந்த நர்ஸுக்குப் பெரியக்காவின் மகள் வயது.

மூன்றாம் நாளும் தொண்ணூற்றிரண்டு என்று எழுதி முடித்தபோது டிரைவர் சொன்னார்.

“சாப்பாட்டைப் பாத்தாலே குமட்டுதும்மா. சுவரெல்லாம் வேற மஞ்சளா தெரியுது. புதுசா பெயின்ட் அடிச்சாங்களா?”

அவள் சிரித்தாள். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. குமட்டல், மஞ்சள் பார்வை. டிகாக்சின் உடம்பில் மிஞ்சினால் வரும் அறிகுறிகள் என்று அவளே தேர்வில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்.

ஓடிப்போய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வந்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள். நாற்பத்தாறு. மறுபடியும் நாற்பத்தாறு. அப்போதுதான் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது உறைத்தது. கட்டைவிரலுக்குள்ளேயே நாடி ஓடும். அதை வைத்துப் பார்த்தால் நம் துடிப்பைத்தான் எண்ணுவோம். வார்டுக்குள் நுழைந்தாலே படபடக்கும் தன் நெஞ்சை அவர் பெயருக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறாள்.

இன்றைய எண்ணை மட்டும் அடித்துவிட்டுத் திருத்தினால் போதும், மாத்திரை நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தது என்பதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் முந்தைய இரண்டு நாள் கணக்கும் சரி என்று நம்பினால் டாக்டர் என்ன முடிவெடுப்பார்?

“சிஸ்டர், மாத்திரை வேண்டாம். நாப்பத்தாறுதான் இருக்கு.”

“நேத்து தொண்ணூறுக்கு மேல இருந்துச்சே? திடீர்னு எப்படிக்கா இறங்கும்?”

“அது அவரோடது இல்ல, என்னோடது. முந்தாநாளும் அப்படித்தான். கட்டைவிரல்ல பாத்துட்டேன்.”

திட்டு விழும் என்று நின்றாள். நர்ஸின் முகம் வெளுத்துப்போனது. “நீங்க எழுதினதைப் பாத்துதானேக்கா நான் குடுத்தேன். கூட நின்னு நானும் எண்ணியிருக்கணும்,” என்றாள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

டாக்டர் வந்தார். ரத்தம் எடுத்தார்கள், மானிட்டர் மாட்டினார்கள். ரத்தத்தில் மருந்து ஆபத்தான அளவுதான், ஆனால் கை மீறிப் போகவில்லை என்றார். பெரியக்கா வார்டுப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று மதியமே உத்தரவு வந்தது.

கிளம்பும் முன் நாலாம் கட்டிலுக்குப் போனாள்.

“ஐயா, தப்பு என்னோடது. மூணு நாளா உங்க சீட்டுல எழுதினது என் நாடி. அதை நம்பித்தான் உங்களுக்கு மாத்திரை குடுத்தாங்க.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கண்டபடி திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

“சும்மா நிக்கிறப்பவே தொண்ணூத்திரண்டா?” என்றார் கடைசியில். “நீ எந்த டாக்டர்கிட்டயாவது காட்டினியாம்மா?”

வார்டு என்றும் பாராமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.